ரைடா, கார்னரா? ராயகிரியில் தீராத வழக்கு

புரோ கபடி லீக்கின் 12ஆம் சீசன் 2025 அக்டோபர் 31 அன்று டெல்லியில் முடிந்தது. டபாங் டெல்லி அணி புனேரி பல்தானை 31-28 என்று வென்று கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. ராயகிரியில் மட்டும் அந்த சீசன் இன்னும் முடியவில்லை. பன்னிரண்டு அணிகளில் எட்டு அணிகளுக்கு அடுத்த சுற்று வாய்ப்பு இருந்தும், அந்த எட்டில் தமிழ் தலைவாஸ் இல்லாமல் போனதை இந்த ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

“பன்னெண்டுல எட்டு உள்ள போவுது வே. பாதிக்கு மேல. அதுலகூட நாம இல்லன்னா, எங்க தப்புன்னு கேக்கணுமா வேண்டாமா?”

இந்தக் கேள்வியில் தொடங்கும் பேச்சு ராத்திரிக் கடை அடைக்கும் வரை ஓயாது.

தென்காசி மாவட்டத்தில் சிவகிரி வட்டத்துப் பேரூராட்சி ராயகிரி. மேற்கே மலைத்தொடர், ஊரைச் சுற்றி வயலும் தோப்பும். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் மூட்டை ஏற்றிவிட்டு வருகிறவர்கள், கரும்பு வெட்டிவிட்டு வருகிறவர்கள், கேரளாவுக்கு லோடு ஓட்டுகிறவர்கள் என்று பொழுது சாய்ந்ததும் கூடுகிற கூட்டத்தில் ஐபிஎல் மாதங்களில் தோனி பேச்சும் உண்டு. ஆனால் கிரிக்கெட்டைப் பார்த்தவர்களாகப் பேசுகிற இவர்கள், கபடியை ஆடியவர்களாகப் பேசுகிறார்கள். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் சுற்றுவட்டாரத்தில் எங்காவது மின்விளக்குப் போட்டு மேட்ச் நடக்காத வருஷம் கிடையாது. முழங்காலில் தழும்பு இல்லாத ஆளை இந்தக் கூட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் இங்கே யாரும் டிவி வர்ணனையாளர் சொன்னதைத் திருப்பிச் சொல்வதில்லை. ஒரு ரைடர் எந்தக் காலை முன்னால் வைத்ததால் மாட்டினார் என்று சண்டை போடுகிறார்கள்.

ஊர் மூன்று கட்சியாகப் பிரிந்திருக்கிறது. ரைடு கட்சி, ஓரத்தில் நின்று பிடிக்கிறவர்களை நம்பும் கார்னர் கட்சி, எண்ணிக்கையில் சிறியதான போனஸ் கட்சி.

ரைடு கட்சியில் பெரும்பாலும் இளைஞர்கள். அவர்களுடைய வாதம் நேரடியானது: புள்ளி எடுக்கிறவன் இருந்தால் கோப்பை வரும். ஆதாரமும் வைத்திருக்கிறார்கள். பட்னா பைரேட்ஸ் 3, 4, 5 என்று அடுத்தடுத்து மூன்று சீசன் கோப்பை வாங்கியது பர்தீப் நர்வால் ஆடிய காலத்தில். 5ஆம் சீசனில் அவர் ஒருவர் மட்டும் எடுத்த ரைடு புள்ளி 369. அடுத்த சீசன் இறுதிப் போட்டியில் பவன் செராவத் 22 ரைடு புள்ளி எடுத்து, குஜராத்தை 38-33 என்று வீழ்த்தி, பெங்களூரு புல்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 2019 அக்டோபரில் ஹரியானாவுக்கு எதிராக அதே பவன் ஒரே ஆட்டத்தில் 39 புள்ளி எடுத்ததை இங்கே ஒரு லாரி கிளீனர் ரைடு ரைடாகச் சொல்லுவார்.

“அவன் ஏறுனா எதிர்த்த டீம்ல பாதிப் பேரு வெளிய உக்காந்திருப்பான் மாமா. பொறவு என்ன கேட்ச்சு, என்ன கார்னரு?”

கேட்டவுடன் சரி என்றுதான் தோன்றும். ஆனால் கார்னர் கட்சிக்காரர் ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், வலது கைச் சுண்டுவிரல் மடங்கி அப்படியே நின்றுவிட்டவர், ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைப் போடுவார்: “அந்த 39 எடுத்த வருஷம் கப்பு யாருக்கு மாப்ள?” 7ஆம் சீசனில் பவன் எடுத்தது மொத்தம் 346 ரைடு புள்ளி. பெங்களூரு அரையிறுதியோடு நின்றது. அதே சீசனில் பர்தீப் 302 புள்ளி எடுத்தார். பட்னா அடுத்த சுற்றுக்கே வரவில்லை.

இந்த வழக்கில் நான் கார்னர் கட்சிக்காரருக்குப் பக்கத்தில் நிற்கிறேன். அதற்கு முன் போனஸ் கட்சி சொல்வதைக் கேட்க வேண்டும். அதிகம் பேர் காது கொடுக்காத கட்சி அது. ஆனால் தலைவாஸின் நோய் எங்கே என்று அதிகம் தெரிந்த கட்சியும் அதுதான்.

அந்தக் கட்சியின் முக்கியமான ஆள் ஒல்லியான ஒரு எலக்ட்ரீசியன். குச்சியை எடுத்துத் தரையில் கோடு போட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் லைன். அங்கிருந்து இன்னும் ஒரு மீட்டர் தள்ளி போனஸ் கோடு. எதிரணியில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது, ரைடர் ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி, மறு கால் தரையில் படாமல் இருந்தால் ஒரு புள்ளி. யாரையும் தொட வேண்டாம். அடித்துப் பிடித்துத் தப்பி வர வேண்டாம். அதன் பிறகு பிடிபட்டாலும் அந்த ஒரு புள்ளி நம்முடையதுதான்.

அவர் அதைச் செய்து காட்டியபோது கவனித்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாட்டை விடாமல், இடது பக்கமாகச் சாய்ந்து நாலு அடி வைத்தார். அங்கே கார்னராக நின்ற பையனின் கால் பக்கம் வலது காலை நீட்டுவது போல் ஒரு பாவனை. பையன் அரை அடி பின்வாங்கினான். அந்த அரை அடி போதும். நீட்டிய அதே கால் கோட்டுக்கு அப்பால் விழுந்தது, பின்னங்கால் முழங்கால் வரை மடங்கி மேலே நின்றது, இடுப்பு அதற்குள் வீட்டுப் பக்கம் திரும்பியாயிற்று. பையன் கணுக்காலுக்குப் பாய்ந்தான். கையில் மண்தான் கிடைத்தது. எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

“இதத்தான் திருடுறதும்பாக. ரெண்டு ரைடு சும்மா வந்தா என்னாவும்? மூணாவது டூ ஆர் டையில போய் மாட்டுவான். அதுக்கு முன்னால ஒன்னு ஒன்னா எடுத்து வச்சா, எதிராளிக்குத்தான் வயித்தக் கலக்கும்.”

பேஸ்பால் ஆட்டத்திலும் இதே வழக்கு நூறு ஆண்டுக்கும் மேலாக நடக்கிறது. பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன் வீரர் பெரிதா, எறிபவர் கண் அசந்த நொடியில் ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு ஓடித் திருடும் வீரர் பெரிதா என்று அமெரிக்க ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாக மோதுகிறார்கள். திருட்டில் முடிசூடா மன்னர் ரிக்கி ஹெண்டர்சன். 1982ஆம் ஆண்டு ஒரே சீசனில் 130 தளம், வாழ்நாளில் 1,406 தளம். பிறகு அந்தக் கலை மங்கியது. 2023இல் தளத்தின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கி, எறிபவர் ஓட்டக்காரரைத் தடுக்கும் முயற்சிகளுக்கும் வரம்பு வைத்தார்கள். முந்தைய ஆண்டு 2,486 ஆக இருந்த திருட்டு அந்த ஆண்டு 3,503 ஆனது. சின்னச் சின்னதாகச் சேர்ப்பவனுக்கு வழி விட்டால் ஆட்டமே மாறிவிடும் என்பதை விதி எழுதுகிறவர்களே ஒப்புக்கொண்ட கதை இது. கபடியில் அந்த வழி எப்போதும் திறந்தே இருக்கிறது. 2016 உலகக் கோப்பையை இந்தியாவுக்கு வாங்கித் தந்த கேப்டன் அனுப் குமாரை வடக்கே போனஸ் பாதுஷா என்றே அழைத்தார்கள். அவர் ஆட்டத்தில் ஆர்ப்பாட்டமே இருக்காது. ஸ்கோர் போர்டைப் பார்த்தால் அவர் பக்கம் புள்ளி ஏறியிருக்கும்.

ரைடு கட்சியும் இதற்கு மறுப்பு வைத்திருக்கிறது, அது நியாயமான மறுப்புதான். போனஸ் எடுத்தால் புள்ளி வரும், ஆள் வரமாட்டான். வெளியே உட்கார்ந்திருக்கும் நம் ஆட்டக்காரன் உள்ளே வர வேண்டுமென்றால் எதிரியைத் தொட்டாக வேண்டும் அல்லது பிடித்தாக வேண்டும். நம் பக்கம் மூன்று பேர் நிற்கும்போது போனஸை நம்பினால் ஆல் அவுட் ஆகி இரண்டு புள்ளி கூடுதலாகப் போகும். எலக்ட்ரீசியன் இதை மறுப்பதில்லை. “அதுக்குத்தான் பின்னால கார்னர் வேணுங்கேன்” என்று சுண்டுவிரல்காரரைக் காட்டுவார்.

இங்கேதான் 9ஆம் சீசன் பேச்சுக்குள் வரும். தலைவாஸ் ரசிகர்களுக்கு நெஞ்சில் நிற்கும் ஒரே சீசன் அது. 2017இல் லீக்கில் சேர்ந்த பிறகு முதல் இரண்டு சீசனும் தன் பிரிவில் கடைசி. மூன்றாவதில் அஜய் தாக்குர், ராகுல் சௌத்ரி, மஞ்சீத் சில்லர் என்று இந்தியக் கபடியின் பெரிய பெயர்களையெல்லாம் ஒரே அணியில் சேர்த்தார்கள். 22 ஆட்டத்தில் நாலு வெற்றி. பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது இடம். 8ஆம் சீசனிலும் கீழிருந்து இரண்டாவது. 2022இல் 9ஆம் சீசனுக்குப் பவனை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தபோது ஊரே கொண்டாடியது. முதல் ஆட்டத்திலேயே பவனுக்கு முழங்காலில் அடி. சீசன் அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்கள்.

நடந்தது வேறு. யாரும் பெரிதாகக் கேள்விப்படாத நரேந்தர் கண்டோலா என்ற இளைஞர் தன் முதல் சீசனிலேயே 243 ரைடு புள்ளி எடுத்தார். அதைவிட முக்கியமாக, இரண்டு கார்னரிலும் சாகர் ராத்தீயும் சாகில் குலியாவும் பூட்டுப் போட்டது போல் நின்றார்கள். இடையில் பயிற்சியாளராக வந்த அஷன் குமார் அந்தச் சின்னப் பையன்களை நம்பினார். எலிமினேட்டரில் உ.பி. யோதாவோடு 36-36 என்று சமன் ஆகி, டை பிரேக்கரில் 6-4 என்று வென்றார்கள். அரையிறுதியில் புனேயிடம் 37-39, இரண்டே புள்ளியில் தோற்றார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் மூன்று கட்சியும் ஒரே குரலில் பெருமூச்சு விடும்.

நட்சத்திரம் விழுந்த வருஷம்தான் அணி எழுந்தது. இதைவிடத் தெளிவாக ஒரு பாடத்தை ஓர் அணிக்கு யாராலும் நடத்த முடியாது. ஆனால் அந்தப் பாடத்தை நிர்வாகம் படித்ததாகத் தெரியவில்லை. அடுத்த சீசனில் ஒன்பதாவது இடம். 11ஆம் சீசன் ஏலத்தில் சச்சின் தன்வாரை 2 கோடியே 15 லட்சத்துக்கு, அந்த ஏலத்திலேயே அதிக விலைக்கு எடுத்தார்கள். மறுபடியும் ஒன்பது. 12ஆம் சீசனுக்கு அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கி, பவனையும் திரும்ப அழைத்து கேப்டன் ஆக்கினார்கள். விசாகப்பட்டினத்தில் முதல் ஆட்டத்தில் தெலுங்கு டைட்டன்ஸை 38-35 என்று வென்ற இரவில் இங்கே வெடி போட்டார்கள். சில வாரத்தில் ஒழுங்கு நடவடிக்கை என்று அறிவித்துப் பவனை வீட்டுக்கு அனுப்பியது அணி. பவன் அதை மறுத்தார். யார் பக்கம் நியாயம் என்பதில் ராயகிரியிலும் ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஓர் ஆளைச் சுற்றிக் கட்டிய அணி, அந்த ஆள் போனதும் என்ன ஆகும் என்பதை எல்லோரும் பார்த்தார்கள். அர்ஜுன் தன்னந்தனியாக இழுத்தார். எவ்வளவு தூரம்தான் இழுப்பார்?

கார்னர் கட்சிக்காரரின் பெரிய ஆயுதம் இறுதிப் போட்டிகளின் ஸ்கோர். விரல் விட்டுச் சொல்லுவார். 9இல் ஜெய்ப்பூர் 33-29. 10இல் புனே 28-25. 11இல் ஹரியானா 32-23. 12இல் டெல்லி 31-28. லீக் ஆட்டத்தில் சாதாரணமாக நாற்பதைத் தொடுகிற அணிகள், கோப்பைக்கு ஆடும்போது முப்பதைச் சுற்றி நின்றுவிடுகின்றன. அங்கே ஒரு கேட்ச் ஒரு ரைடைவிடக் கனமானது. 10இலும் 11இலும் வேறு வேறு அணிகளுக்கு ஆடி, இரண்டு முறையும் கோப்பையோடு போனவர் ஒரு தடுப்பாட்டக்காரர், ஈரானின் முகமதுரெசா ஷாட்லூயி.

“அப்ப அவனையே வாங்கிட்டாப் போச்சுல்லா சித்தப்பா?” என்று ரைடு கட்சிப் பையன் மடக்கினான். சுண்டுவிரல்காரர் அசரவில்லை. 12ஆம் சீசனில் ஷாட்லூயியை 2 கோடிக்கு மேல் கொடுத்து வாங்கிய குஜராத்தும் அடுத்த சுற்றுக்கு வரவில்லை என்பதை அவரே எடுத்துச் சொன்னார். தலைவாஸிடமும் நித்தேஷ் குமார் இருந்தார். 6ஆம் சீசனில் உ.பி. அணிக்காக 100 டேக்கிள் புள்ளி எடுத்த கார்னர் அவர். அவர் இருந்தும் 11இலும் 12இலும் கரை சேரவில்லை.

“கார்னர்னா ஒத்த ஆளு இல்ல. நான் கணுக்கால்ல கை வச்சா அடுத்தாப்ல நிக்கவன் கேக்காம வந்து மேல விழணும். விழுவான்னு எனக்குத் தெரிஞ்சாத்தான் நான் கையவே வைப்பேன். அது ஏலத்துல கிடைக்காது மாப்ள. ரெண்டு வருஷம் சேந்து ஆடுனாத்தான் வரும்.”

அவர் விரல் மடங்கியதும் அப்படி ஒரு பிடியில்தானாம். கணுக்காலைப் பிடித்தபோது கவர் ஆள் வர ஒரு நொடி தாமதம். ரைடர் உதறிய உதறில் விரல் போனது. பிடியை மட்டும் விடவில்லை என்று சொல்லிச் சிரித்தார். மண் தரையில் அந்த ஒரு நொடி என்னவென்று உடம்பால் தெரிந்தவர் சொல்வதைக் கேட்டு அணி எடுத்தால் நன்றாக இருக்கும் என்று மனதார நினைத்தேன்.

இந்தப் பேச்சில் தவறாமல் ஒரு கோபம் எழும். அணியின் பெயரில் தமிழ் இருக்கிறது, மேட் விரித்த களத்தில் தமிழர் எத்தனை பேர்? முதல் சீசனில் சி. அருண், கே. பிரபஞ்சன் என்று நம் பையன்கள் இருந்தார்கள். பிரபஞ்சன் அடுத்த சீசனே குஜராத்துக்குப் போய் அந்த அணியோடு இறுதிப் போட்டி வரை சென்றார். எம். அபிஷேக் போல ஓரிருவர் கவரில் சில சீசன் நிலைத்தார்கள். அவ்வளவுதான். லீக் என்றால் எந்த மாநிலத்துக்காரரும் எங்கும் ஆடலாம். நரேந்தரை இந்த ஊர் தன் பிள்ளையாகத்தான் பார்க்கிறது. அதனால் இதை வடக்கு, தெற்கு சண்டையாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் கேள்வியில் ஒரு வலி இருக்கிறது. அதைக் கேலி செய்து தள்ள முடியாது.

ஏனென்றால் இந்தத் தென்கோடி கபடிக்கு ஆள் கொடுத்த மண். தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து போன கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடினார். அடுத்த ஆண்டு அர்ஜுனா விருது பெற்றார். அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் எடுத்த ‘பைசன்’ 2025 அக்டோபரில் வந்தபோது படம் பார்த்தவர்கள் ரைடுகளைத்தான் முதலில் விமர்சித்தார்கள். தமிழகத்தின் தர்மராஜ் சேரலாதன் பட்னா 4ஆம் சீசன் கோப்பையை வாங்கியபோது அதன் கேப்டன். ஜெய்ப்பூர் முதல் சீசன் கோப்பையை வாங்கியபோது பயிற்சியாளர் காசிநாதன் பாஸ்கரன். வெளியூருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர்கள் நம்மிடம் உண்டு. நமக்குத்தான் ஒன்றும் வரவில்லை.

2025 அக்டோபரிலேயே பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் அணி இறுதியாட்டத்தில் ஈரானை 75-21 என்று வென்றது. அதில் ஆடியவர் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியும் ஈரானை 35-32 என்று வென்றது, அதில் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ். தமிழக அரசு இருவருக்கும் தலா 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்த வாரம் பேச்சில் பள்ளிக்கூடத்து அணியில் கார்னர் ஆடும் ஒரு பெண்ணும் இருந்தாள். கடைக்குச் சாமான் வாங்க வந்தவள், பெரியவர்கள் பவனைப் பற்றியே பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னாள்: “கார்த்திகா அக்கா மேட்ல பழகி ஆடுதாங்க. எங்களுக்கு மேட்டே கிடையாதே அண்ணே.”

அவள் சொன்னதுதான் விஷயம். மண்ணில் வெறுங்காலோடு ஆடும்போது கால் சறுக்கும், அந்தச் சறுக்கலை வைத்தே திரும்பலாம். மேட்டில் ஷூ பிடித்து நிற்கும். திரும்புகிற வேகம் வேறு, கணுக்காலுக்குப் பாய வேண்டிய நேரம் வேறு. கொடை மேட்சில் பத்து ஊரை அடித்த பையன், மாவட்டத் தேர்வில் மேட்டைப் பார்த்ததும் தடுமாறுவது திறமைக் குறைவால் அல்ல. முதலமைச்சர் கோப்பைப் போட்டிக்குப் போய்த்தான் முதன்முதலாக மேட்டில் கால் வைக்கிறான் என்றால் அவன் எப்போது பழகுவான்? தலைவாஸ் நிர்வாகம் ஓர் ஏலத்தில் ஒரு ரைடருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் தென் மாவட்டங்களில் ஒன்றியத்துக்கு ஒரு மேட் போட்டுவிடலாம். லாபம் வராத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். அங்கேயிருந்து வருகிறவன்தான் நாளைக்கு மலிவு விலையில் கிடைக்கிற நரேந்தர்.

சரி, அடுத்த சீசன்? அர்ஜுனை விடக்கூடாது என்பதில் மூன்று கட்சியும் ஒன்று. 9ஆம் சீசனில் ஜெய்ப்பூருக்குக் கோப்பை வாங்கித் தந்தபோது அவர் 296 ரைடு புள்ளி எடுத்தார். ஆனால் அப்போது அவருக்குப் பின்னால் ஒரு தடுப்பாட்டம் இருந்தது. அவருக்குத் துணையாக இன்னொரு நட்சத்திர ரைடர் வேண்டும் என்கிறது ரைடு கட்சி. வேண்டாம் என்கிறேன். அர்ஜுன் வெளியே உட்காரும் நேரத்தில் பாடிப் போய், மாட்டாமல், போனஸை எடுத்துக்கொண்டு திரும்புகிற நிதானமான ஆள் ஒருவர் போதும். மிச்சப் பணத்தில் இரண்டு கார்னரையும் ஒரே சமயத்தில் எடுத்து, தோற்றாலும் மூன்று சீசன் கலைக்காமல் வைக்க வேண்டும். எட்டு சீசனில் இந்த அணி செய்யாத ஒரே காரியம் பொறுத்திருப்பது.

அதைச் செய்தால் முதல் எட்டுக்குள் வருவது நிச்சயம் என்று நம்புகிறேன். இரண்டாவது வருஷம் நாலுக்குள் வரலாம். மறுபடியும் பெரிய பெயர் ஒன்றைத் தேடி ஓடினால் ஒன்பதாவது இடத்துக்கே போராட வேண்டியிருக்கும். சுண்டுவிரல்காரர் இதை ஒப்புக்கொண்டார். எலக்ட்ரீசியன் பாதி ஒப்புக்கொண்டார். ரைடு கட்சிப் பையன் மட்டும் பவன் திரும்பி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் லாரியில் ஏறிப் போய்விட்டான்.